மாலையோடு போடாத ஊசி

பழம் அழுகத் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னால் அதற்கு ஒரு வாசனை வரும். இனிப்பின் ஓரம் லேசாகக் கருகினாற்போல, மூக்குக்குள் குளிர்ந்து ஏறுகிற வாசனை. போன வாரம் ஒரு காலையில் அது அடுத்த அறையிலிருந்து வந்தது. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடினேன். கதவு நிலையில் தோள் இடித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பஞ்சு. பக்கத்தில் மூடி திறந்த ஒரு சின்னக் குப்பி. பத்து விரல்களில் ஆறில் சிவப்பு போய்விட்டிருந்தது, நாலில் மிச்சமிருந்தது. கல்லூரி விடுதிக்குப் புறப்படுகிற நாள் அது. நகப்பூச்சோடு உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குப்பியைப் பார்த்தாள். புரிந்துகொண்டுவிட்டாள்.

"நெயில் பாலிஷ் நைனா," என்றாள். "நான் இல்ல."

நான் திரும்பி வந்து மறு கன்னத்தைச் சவரம் செய்தேன். காதுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது.

அவளுக்குப் பதினொரு வயதில் சர்க்கரை வந்தது. வயதானவர்களுக்கு வருவது வேறு. இது அவள் உடம்பே அவள் உடம்பில் ஒரு மூலையைத் தின்று தீர்த்த கதை. இன்சுலின் சுரக்கிற இடம் அழிந்துவிட்டது, இனித் திரும்பாது என்றார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஆயுள் முழுக்க ஊசி. ஊசி நின்றால் தின்ற சோறு ரத்தத்திலேயே நிற்கும், உடம்புக்குள் இறங்காது. பசித்த உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். அந்த எரிச்சலின் புகை மூச்சோடு வெளியே வரும். நகப்பூச்சை அழிக்கிற குப்பிக்குள் இருப்பதும் அந்த மூச்சுக்குள் இருப்பதும் ஒரே பொருள்தான். இதை நான் தெரிந்துகொண்டது அவளுடைய பதின்மூன்றாவது வயதில், ஆடிக் கிருத்திகை அன்று, மலைப்படியில்.

தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்கு எழுதுகிற பழக்கம் உண்டு. தாலுகா ஆபீசில் பகலெல்லாம் அடுத்தவர்களின் மனுக்களைப் படித்துவிட்டு வருகிறவனுக்குச் சொந்தமாகப் பத்து வரி எழுதாவிட்டால் தூக்கம் வராது. அந்த வருடம் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு வைத்தியப் புத்தகம் வாங்கினேன். இன்சுலின் என்பது பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுக்கப்படுவது என்று அதில் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. ரயில் பாதைக்குப் பின்னால் சாக்கடையோரம் மேய்கிற பன்றிகளைப் போய்ப் பார்த்தேன். அவற்றின் கண்களைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதினேன். முகம் தெரியாத ஒரு பன்றி என் மகளுக்கு இரண்டாம் தாயாக இருக்கிறது என்றும், தினம் இருவேளை அது அவள் தொடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறது என்றும். ஒரு சின்னப் பத்திரிகை அதைப் போட்டது. நான் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மனைவி முகத்தைச் சுளித்தாள். மகள் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் எந்தக் காலத்துப் புத்தகம் என்று நான் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆடி வந்தது. என் மனைவிக்கு ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிற குடும்பம். அவர்கள் வீட்டு வழக்கம், கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால் மாலை போட்டுக்கொள்வது. மற்ற நாளெல்லாம் கறி மீன் எல்லாம் உண்டு. மாலை போடுவதற்கு முந்தின நாள் மட்டும் வீடு தலைகீழாகும். கறிச் சட்டிகள் பரணுக்குப் போகும். கருவாட்டு டப்பா பக்கத்து வீட்டுக்குப் போகும். பிரிட்ஜைக் காலி செய்து, முட்டையை எடுத்துவிட்டு, மஞ்சள் தண்ணீரால் துடைப்பார்கள். அந்த வருடம் மகளும் மாலை போட்டுக்கொள்கிறேன் என்றாள். தனக்குச் சர்க்கரை வந்ததற்காக அம்மா காவடி தூக்குகிறாள், தான் சும்மா இருப்பதா என்று கேட்டாள். பிரிட்ஜைத் துடைத்ததும் அவள்தான். கதவுத் தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் அவளுடைய இன்சுலின் குப்பி எப்போதும் நிற்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இது உள்ளயே இருக்கலாமா நைனா?"

நான் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். நிமிராமல், ஆங், அங்கேயே இருக்கட்டும், வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்றேன்.

குழந்தை கேட்டது வேறு கேள்வி. அது எனக்கு விளங்க மூன்று நாள் ஆயிற்று.

அந்த மூன்று நாளும் அவள் நிறையத் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி எழுந்து போனாள். வெயில் என்றாள் என் மனைவி. சரியாகச் சாப்பிடவில்லை, விரதம் என்றாள். ஒரு வருடமாக அவளே ஊசி போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். போட்டியா என்று கேட்டால் ஆங் என்பாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண் சொல்வாள். நல்ல எண்ணாகச் சொல்வாள். வாயால் சொன்ன எண்ணை நம்பி நான் ஆபீசுக்குப் போனேன், வந்தேன், மற்றவர்களின் மனுக்களைப் படித்தேன்.

கிருத்திகை அன்று விடிந்ததும் சரவணப் பொய்கையில் தலை முழுகிவிட்டுப் படியேறினோம். மனைவி தோளில் பூக்காவடி. என் தலையில் கூடை, பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழமும் வெல்லமும். நடுவில் மகள், மஞ்சள் பாவாடை, வெறுங்கால். மேலும் கீழும் அரோகரா. சந்தனமும் வேர்வையும் கற்பூரமும் கலந்து படியெல்லாம் ஒரே வாசனை. அதற்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. பழம் கனிந்துவிட்டது, மேலே போவதற்குள் நசுங்கிவிடும் என்று நினைத்துக் கூடையை ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். பழமெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. திரும்ப ஏற்றிக்கொண்டேன். வாசனை எனக்கு ஒரு சாண் தள்ளி நடந்துகொண்டிருந்தது. நான் கூடைக்குள் தேடினேன்.

பாதி மலையில் அவள் உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு விட ஆரம்பித்தாள். அந்த மூச்சை நான் எப்படிச் சொல்வேன். ஓடிவந்தவளின் மூச்சல்ல. அழுகிறவளின் மூச்சல்ல. யாரோ அவளுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஆழக் கிணற்றில் கயிறு இழுப்பதுபோல, இழுத்து இழுத்து விட்டார்கள். கண் பாதி மூடியிருந்தது. தலை ஆடிக்கொண்டிருந்தது. குனிந்தேன். அவள் வாயிலிருந்து வந்தது பழ வாசனை.

ஊசி போட்டாயா என்று கேட்டேன். இன்று காலையில் போட்டாயா, நேற்று போட்டாயா. அவள் உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பேசினாள்.

"அது பன்னி நைனா. மாலையோட எப்பிடி போட்டுக்கறது?"

நான் எழுதியது ஒரு பக்கம். அவள் அதை நம்பினாள். என்னை நம்புகிற ஒரே வாசகி.

என் மனைவி காவடியை இறக்கினாள். நேர்ந்துகொண்ட காவடியைப் பாதிப் படியில் இறக்குவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். அவள் இறக்கினாள். பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா, நான் எடுத்துகினு போறேன் கண்ணு, நீ புள்ளையப் பாரு என்று அதைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. காவடி மட்டும் தலைகளுக்கு மேலே ஏறிப் போனது தெரியும்.

கூடையைப் படியிலேயே விட்டுவிட்டு, மனைவி பின்னால் வர, நான் மகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். மேலே ஏறுகிற கூட்டத்துக்கு எதிராக. ஒருவரும் வழி விடவில்லை, விட இடமில்லை. அப்போது ஒரு பெண் குழந்தையின் மூச்சையும் தலையாட்டத்தையும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாமி வந்திருக்கிறது, வழி விடுங்கள் என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரல் படிப்படியாகக் கீழே ஓடியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. யாரோ அவள் நெற்றியில் திருநீறு அப்பினார்கள். யாரோ அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவர் அவளிடம் தன் பேரனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. சாமி இல்லை, சாவு என்று சொன்னால் வழி மூடிவிடும் என்று பயந்தேன். அரோகரா, அரோகரா என்று நானும் கத்திக்கொண்டே இறங்கினேன்.

கீழே மச்சான் ஆட்டோவோடு நின்றான். என் மனைவியின் தம்பி, கே.ஜி.கண்டிகையில் வண்டி ஓட்டுகிறவன். வாயாடி. அன்றைக்கு ஆஸ்பத்திரி வரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். மூச்சைக் கேட்டதுமே, வாசனையைப் பிடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கையில் ஊசி ஏற்றி சலைன் ஓடவிட்டார்கள். பிறகு நர்ஸ் இன்சுலின் எடுத்து வந்தார். மகள் அரைமயக்கத்தில் கையை இழுத்துக்கொண்டாள். மாலையைக் கழட்டிவிட்டுப் போடுங்கள் என்று முனகினாள். என் மனைவியின் கை மாலைக்குப் போய், தொடாமல் நின்றது. சாமியைப் பார்க்காமல் கழற்றக்கூடாது. கழற்றாமல் இருந்தால் பெண் மறுக்கிறாள்.

இவள் ஏன் மறுக்கிறாள் என்றார் டாக்டர். நான் சொன்னேன். நான் எழுதியதையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வேலையைச் செய்துகொண்டே பேசினார்.

"அது அந்தக் காலம் சார். இதுல பன்னியும் இல்ல, மாடும் இல்ல. மனுஷ உடம்புல இன்சுலின் எப்படிச் செய்யறதுன்னு ஒரு ஜீன் இருக்கு. அதை ஒரு கிருமிக்குள்ள வெச்சிடறாங்க. நம்ம குடல்ல இருக்கிற பாக்டீரியா, இல்ல ரொட்டிக்குப் போடற ஈஸ்ட் மாதிரி. அது பெரிய தொட்டியில கோடிக்கணக்கா வளரும். மனுஷ இன்சுலினையே செஞ்சு குடுக்கும். மாலை இருக்கட்டும், கழட்ட வேணாம்."

மருந்து சொட்டத் தொடங்கியது. நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

இப்போது சொல்வது எனக்கு வெட்கம். மகள் பிழைப்பாளா என்ற பயத்தோடு கூடவே எனக்குள் இன்னொரு பயமும் வந்தது. பன்றியாவது எனக்குத் தெரிந்த உயிர். அதற்குக் கண் இருக்கிறது. இது என்ன. எங்கோ ஒரு ஊரில், எஃகுத் தொட்டிக்குள், வெளிச்சம் இல்லாத சூட்டில், ஒரு பேரில்லாத பூச்சி மனிதனுடைய ஒரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு ஓயாமல் ஒப்பிக்கிறது. தான் சொல்வது என்னவென்று அதற்குத் தெரியாது. அந்த வாக்கியம் யாருடையது. அதற்குள் அதை வைத்த கை எது. ஒரு எழுத்து தவறினால் என் மகளுக்குள் எது எழுதப்படும். இரண்டு வருடமாக அவளுக்குள் போய்க்கொண்டிருந்தது இதுதானா.

மச்சானுக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

"பாவா, மரபணு மாத்தின கத்திரிக்கா வேணாம்னு பஸ் ஸ்டாண்டாண்ட மைக் புடிச்சி பேசினியே. இப்ப இன்னா சொல்ற?"

பேசினேன்தான். விவசாயிகள் கூடிய கூட்டத்தில், விதைக்குள் கை வைக்காதே என்று முடிகிற ஒன்றை வாசித்தேன். கை தட்டினார்கள். சொட்டுகிற மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிடாதே என்று அந்தத் தொட்டியிலுள்ள பூச்சிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மலையில் இருக்கிறவனை அன்றைக்கு நான் கும்பிட்டதாக நினைவில்லை.

என் மனைவி என்னைப்போல அலையவில்லை. டாக்டர் சொன்னதை அவள் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம், மூச்சு கொஞ்சம் இறங்கிய பிறகு, தம்பியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவு நூலை மாற்றிப் போட்டால் தறி வேறு துணி நெய்கிறது, லுங்கிப் பாவு போட்டால் லுங்கி, துண்டுக்குப் போட்டால் துண்டு, தறிக்கு என்ன தெரியும், அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும் என்று. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒரு நிமிடம். பிறகு, கரண்ட் போனால் தறி நிற்குமே என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில் மகள் கண் விழித்தாள். பழ வாசனை போயிருந்தது. வாயில் வெறும் காய்ச்சல் வாசனை. நான் குனிந்து குனிந்து மோந்துகொண்டிருந்தேன். டாக்டர் வந்தார். பன்றி இல்லை என்று அவளுக்கு நேராக, பெரியவர்களிடம் சொல்வதுபோல, முழுக்க எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அது யாருடைய ஜீன் என்றாள். நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை அவள் கேட்டாள். தனி ஒரு ஆளுடையது என்று சொல்ல முடியாது, மனிதனுக்குள் அது இருக்கிற வரிசையைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தது என்றார் டாக்டர். யாருடையதும் அல்லாத வாக்கியமா என்று எனக்கு மறுபடி பயம். அவள் அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள். அவளுடைய சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது.

"அந்தக் கிருமிக்கு உயிர் கீதா?"

இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் ஊசியில் கிருமி வராது, அது செய்ததை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து எடுக்கிறார்கள்.

"உயிர் இருந்தா அசைவம்தானே?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். என் மனைவிதான் சொன்னாள்.

"மூணு நாளா மோர் குடிச்சிதானடி விரதம் இருந்தே. பால் தயிரா தானா மாறிச்சா? அதுலயும் உயிரு கீது. கம்முனு கைய நீட்டு."

அவள் கையை நீட்டினாள். மாலை கழுத்திலேயே இருந்தது. பத்து நாள் கழித்துத்தான் மலைக்குப் போய்க் கழற்றினோம். ஆட்டோவில், மலைப்பாதை வழியாக.

அதன் பிறகு ஐந்து வருடம். பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. இடம்தான் மாறியது. கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். மழையில் சாலை அடைபட்டால், மருந்து வண்டி வராவிட்டால், எங்கோ ஒரு தொட்டி நின்றுபோனால் என்று எண்ணிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பேன். கத்திரி விதையைப் பற்றிய பயமும் அப்படியே இருக்கிறது. விதை யார் கையில் இருக்கிறது, வயலில் விட்டது எங்கே போகும் என்று இப்போதும் கேட்பேன். இரண்டு பயத்தையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்கிறேன். ஒன்று மற்றதைத் தின்னவில்லை. மகளோ அந்தக் கிருமியைத் தன் பள்ளித்தோழியைப்போலப் பேசுவாள். அதையே படியேன், அதற்கென்று படிப்பு இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். தினமும் அதோடு குடும்பம் நடத்துவது போதாதா, படிக்க வேறு செய்யணுமா என்றாள். பி.காம். எடுத்திருக்கிறாள்.

ஒரு பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அவள் தூங்கி எழுந்தால், வெளியே போய்விட்டு வந்தால், முகம் கொஞ்சம் வாடியிருந்தால், ஊதிக் காட்டு என்பேன். போலீஸ்காரன் குடிகாரனை நிறுத்துவதுபோல என்று மச்சான் கிண்டல் செய்வான். தோழிகள் முன்னால் கேட்டதற்காக ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள். இருந்தாலும் ஊதுவாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

நகப்பூச்சு அழித்த அன்று பதினோரு மணி ரயில். சென்னைக்குப் போகிற ரயில் எங்கள் ஊரிலிருந்தே புறப்படும். அதனால் வெகு நேரம் முன்னாலேயே வந்து நிற்கும். பிரிகிறவர்களுக்கு அது நல்லதல்ல. பெண்கள் பெட்டியில் என் மனைவி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், விடுதியில் விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருவதற்கு. மருந்து ஒரு குளிர்ப்பையில் மகளின் மடியில். கரண்ட் போனால் ஈரமணலில் வைத்துக்கொள் என்று மச்சான் வாங்கிவந்த சின்ன மண்சட்டி காலடியில். அதைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் போனால் சோறு வடிக்க வந்த புதுப்பெண் என்று நினைப்பார்கள் என்று அவள் சண்டை போட்டாள். ஆனால் எடுத்து வந்திருந்தாள்.

நான் பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டனிடம் சொல்லிவிட்டாயா, பிரிட்ஜில் மேல்தட்டு வேண்டாம், உறைந்துவிடும், பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் சொல்லி வை, அவளுக்கு இந்த வாசனை தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்றாள். பெட்டி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கக்கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். இனி யார் மோந்து பார்ப்பார்கள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் குளிர்ப்பையை அம்மா மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். கம்பிக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தில் நீளமாக ஊதினாள்.

"டீ வாசன தான்," என்றாள். "நீ போய் சாப்புடு நைனா."